பளபளப்பு பழுதுபார்ப்பு ஆகாது

கதவு டிரிமில் விழுந்த வெண்கீறலின் மேல் சிலிகான் டிரெஸ்ஸிங்கைத் தடவி, கறுத்ததும் 'கீறல் நீக்கம்' என்று பில் போடும் பழக்கம் நம் தொழிலில் ஊறிவிட்டது. சில முறை துடைத்தாலே கீறல் மறுபடி தெரியும். பிறகு அதில் பெயின்ட் அடிக்க முனைபவருக்கும் தொல்லைதான். நாம் விட்டுவைத்த சிலிகான் மேல் பெயின்ட் நிற்காமல் குழிகுழியாக விலகும்.

கை வைக்கும் முன் பிளாஸ்டிக் எதுவென்று தெரிய வேண்டும். கழற்றிய பாகத்தின் பின்புறம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 11469 முறைப்படி குறி இருக்கும். பிபி-டி20 என்றால் 20 சதவீதம் டால்க் கலந்த பாலிப்ரொப்பிலீன். இதில் கீறல் வெளுப்பது சாயம் போனதால் அல்ல. பாகம் முழுவதும் ஒரே நிறம்தான். பரப்பு கிழிந்த இடத்தில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

ஹீட் கன் காட்டினால் மேலோட்டமான கீறல் ஓரளவு அடங்கும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கன்னின் வாயில் வரும் காற்றோ அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கலாம். சற்றே தாமதித்தாலும் பரப்பில் பதிந்த கிரெய்ன் வடிவம் அழிந்து, அந்த இடம் மட்டும் மினுங்கும். உப்புத்தாள் போட்டாலும் இதே கதிதான். ஆழமான கீறலை நிரப்பி, கிரெய்ன் பதித்து, நிறம் தீட்டலாம். ஆனால் பாலிப்ரொப்பிலீனுக்குரிய அட்ஹீஷன் புரொமோட்டர் இல்லாமல் அடித்த நிறம் உரிந்து வரும்.

பியானோ பிளாக் பாகங்களில் கிரெய்ன் இல்லை. மென்மையான பிளாஸ்டிக் பாலிஷ் மயிரிழைக் கீறல்களைக் குறைக்கும். அந்தக் கீறல்களில் பல, தூசியை உலர்ந்த துணியால் துடைத்ததால் வந்தவை. அதில் நம் பட்டறைப் பையன்களுக்கும் பங்கு உண்டு. முதலில் தூசியை ஊதி நீக்கி, ஈரமான சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைக்கச் சொல்லிக்கொடுங்கள். புது வண்டி என்றால் டெலிவரியின்போதே பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது நல்லது.

ஏர்பேக் மூடியில் மட்டும் பழுதுபார்ப்பே கூடாது; இதற்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. அது பிளக்க வேண்டிய கோடு வெளியே தெரியாமல் உட்புறம் மெலிதாக்கப்பட்டிருக்கலாம். அங்கே சூடும் காட்டாதீர்கள், ஃபில்லரும் போடாதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

மறைத்தது, சரிசெய்தது, மாற்றியது: இம்மூன்றையும் இனி பில்லில் தனித்தனியாக எழுதுவோம். மறைத்ததற்குச் சரிசெய்த கூலி வாங்குவது தொழில் அல்ல.