மலை சீமான்களுக்கு மட்டுமா?

ஓய்வு என்றால் பாட்டாளிக்குத் திண்ணையில் படுத்துக் கிடப்பது. சீமானுக்கு உதகையிலே உலவி வருவது! இப்படி ஓர் எழுதாத சட்டம் இந்த நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆறு நாள் ஆலையில் உழைத்தவன் ஏழாம் நாள் என்ன செய்கிறான்? ஒழுகும் கூரையை அடைக்கிறான். கடன்காரனுக்குத் தவணை சொல்கிறான். மிஞ்சிய பொழுதைத் தேநீர்க் கடையிலோ, அதைவிடக் கேடான கடையிலோ கழிக்கிறான். "அப்பா, மலை பார்க்க வேண்டும்" என்று பிள்ளை கேட்டால், "ஊட்டிக்குப் போக நாம் என்ன லட்சாதிபதியா?" என்று அதன் வாயை அடைத்து விடுகிறான்.

ஊட்டிக்குப் போக வேண்டாம், தோழனே! கள்ளக்குறிச்சிக்கு வா, அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறு. இதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

"சோற்றுக்கு வழியில்லாதவனுக்குச் சுற்றுலாவா?" என்று கேலி பேசுவோர் இருப்பர். அவர்களுக்கு வரலாறு தெரியாது. 1886-ல் சிகாகோ தொழிலாளர் எதற்காகக் குண்டடி பட்டனர்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி நேரம் எங்களுக்கு என்பதற்காகத்தானே! அந்த மூன்றாவது எட்டு மணி நேரம்தான் மனிதனை மாட்டிலிருந்து பிரிப்பது. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொடியை ஏற்றியது அதற்காகவும்தான்.

மலையையே போராடிப் பெற்ற தொழிலாளரும் உண்டு. இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகரைச் சுற்றிலும் ஆலைகள். ஆலைப் புகைக்கு அப்பால் அழகான மலைவெளி. ஆனால் அந்த வெளி, பறவை வேட்டையாடும் பிரபுக்களின் சொத்து. ஏழை கால் வைத்தால் காவலன் தடியோடு வருவான். 1932 ஏப்ரல் 24-ஆம் நாள் நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர் கூட்டமாகக் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டில் ஏறினர். ஐவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951-ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது எது தெரியுமா? அதே மலைவெளிதான்! பிரான்சுத் தொழிலாளர் 1936-ல் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை பெற்றனர். முதன்முதலாகக் குடும்பத்தோடு கடலைப் பார்க்கப் போயினர். நம் நாட்டில் வார விடுமுறையையும் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உறுதி செய்தது. ஆனால் பெற்றது தானாக நிலைத்து விடாது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்து நின்ற பிறகே, மே நாளன்று, அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. பயன்படுத்தாத உரிமையைப் பறிப்பது எளிது என்பதை மறவாதீர்!

சரி, வெள்ளிமலையில் என்ன இருக்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. வடபால் சின்னக் கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தென்பால் பெரிய கல்வராயன், 4,000 அடி. கள்ளக்குறிச்சி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்கள் இதைப் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. அம்மாவட்டத்தின் கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடம் வெள்ளிமலை. சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கலாம்; கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்திலும் போகலாம். கச்சிராயபாளையத்திலே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கரும்பு வெட்டுவோரும் ஆலைத் தொழிலாளரும் நாள்தோறும் நிமிர்ந்தால் பார்ப்பது இந்த மலையைத்தான். ஆயினும் அவர்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு ஏறிப் பார்த்திருப்பர்?

அடிவாரத்திலே கோமுகி அணை. அதைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. மேலே போகப் போக வெயில் தணியும். காற்றின் குணமே மாறும். சாலையோரத்திலே பெரியார் அருவி. காட்டுக்குள் நடந்து சேர வேண்டியது மேகம் அருவி. வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் போவது நலம். கோடையில் அருவிகள் மெலிந்து விடும். சேலம் பக்கமிருந்து வருவோருக்குக் கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. ஆத்தூரை அடுத்த முட்டலில் ஏரியும் ஆனைவாரி அருவியும் வனத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. மலையிலே பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் கலந்து சமவெளியின் வயல்களை நனைக்கின்றன. நீ உண்ணும் சோற்றில் இந்த மலையின் பங்கு உண்டு!

ஆனால் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. மலையின் மக்களையும் பார்!

அங்கே வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்வோர், நம் தமிழைப் பேசுவோர். காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களது செவிவழிக் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிப்பர். கடுக்காயும் தேனும் சேகரிப்பர். மரவள்ளி பயிரிட்டு மலையிறக்குவர். நாடு 1947-ல் விடுதலை பெற்றது. இந்த மலையிலோ ஜாகீர்தார் ஆட்சி 1976 வரை நீடித்தது! கூலியில்லா வெட்டி ஊழியம் செய்த தலைமுறையினரின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் பிழைப்பு தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகின்றனர்.

"அது சாராயம் காய்ச்சும் மலையல்லவா?" என்று முகம் சுளிப்பர் சிலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். பழியிலே மலையின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. அதன் பின்னர்தான் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி வழக்கு எடுத்தது. ஊறல் பானையை உடைப்பது காவல்துறையின் வேலை. ஆனால் பானையை உடைத்த கை, பிழைப்புக்கு வேறு பானையைத் தர வேண்டாமா? வருவோருக்குச் சோறு சமைத்துப் போட்டும், வழி காட்டியும், தேனும் தினையும் விற்றும் மலைமகள் நாலு காசு பார்க்க முடியுமானால், அதுவே பெரிய மதுவிலக்கு.

அதற்காக இன்னொரு ஊட்டியை உண்டாக்கச் சொல்லவில்லை. 1820-களில் சல்லிவன் என்ற கோவைக் கலெக்டர் உதகையிலே மாளிகை கட்டத் தொடங்கினார். வெள்ளையரின் கோடைநகரம் வளர்ந்தது. தோதவரின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இன்று அந்த மலை கார்களால் மூச்சுத் திணறுகிறது. 2024 மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையை நீதிமன்றம் கொண்டுவரச் செய்ய வேண்டிய நிலை! வெள்ளிமலைக்கு அந்தக் கதி வேண்டாம். சொகுசு விடுதிக்காரன் நிலத்தை வளைப்பான். நிலத்துக்கு உரியவன் அங்கேயே கூட்டுமாறு பிடிப்பான். இதுவா முன்னேற்றம்?

ஆகவே அரசைக் கேட்கிறோம்: மாலையில் மலையிறங்கப் போதிய பேருந்து விடுக. குறைந்த வாடகைக்குத் தொழிலாளர் தங்கும் கூடம் கட்டுக. அருவிகளில் கழிப்பிடமும், ஆழம் சொல்லும் பலகையும், காவலும் வைத்திடுக. வழிகாட்டும் வேலையை மலை இளைஞருக்கே தருக. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி எந்த முடிவும் கிராம சபையைக் கேட்டே நடக்கட்டும். இவை கோடி கோடியாகக் கொட்ட வேண்டிய வேலைகள் அல்ல. மனம் வைத்தால் போதும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைத் தின்றதை நினைவில் வையுங்கள். பாட்டிலோடு போகாதீர், பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வராதீர். பேரம் பேசி மலைப் பெண்ணின் தேனை அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர். உங்கள் கூலியை முதலாளி குறைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் ஆண்டுக்கு ஒரு முறை, ஆளுக்குச் சிறிது பணம் போட்டு, ஒரு பேருந்து பிடித்து, பெண்டு பிள்ளைகளோடு வெள்ளிமலைக்குப் போகட்டும். காலையில் அணை, நண்பகலில் மலைச்சோறு, மாலையில் மலைமக்களோடு ஒரு கலந்துரையாடல்! ஆலையின் கதையை இவர்கள் சொல்லட்டும். ஜாகீர்தார் காலத்துக் கதையை அவர்கள் சொல்லட்டும். இரண்டும் ஒரே கதை என்பது அன்று விளங்கும்.

மலை சீமான்களின் சொத்தல்ல. அதைக் காத்து வாழ்வோருக்கு உரியது. உழைத்துக் களைத்து வருவோருக்கு நிழல் தருவது. புறப்படுங்கள்!