வரலாறு, மதிப்பெண் குறைந்தோருக்கான பாடமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்த குரூப்?" என்பதே. 500-க்கு 450 பெற்ற பிள்ளை, "வாப்பா, நான் வரலாறு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. அது மதிப்பெண் குறைந்தவர்கள் வேறு வழியின்றிச் சேரும் பிரிவு என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்த எண்ணம் நம் மார்க்கம் தந்ததன்று. பூமியில் பயணம் செய்து, முன் சென்ற சமுதாயங்களின் முடிவைக் கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கவும் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் சொல் என்று ஒன்று கூறப்பட்டால், "யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தவர்கள் நம் இமாம்கள்.

துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மூஸா (அலை) அவர்களிடம் ஆறு லட்சம் போர்வீரர்கள் இருந்தனர் என்று முந்தைய ஆசிரியர்கள் எழுதியதை, அத்தனை பேரை அந்த நிலப்பரப்பில் அணிவகுக்க இயலுமா என்று கேட்டு அவர் மறுத்தார். சொன்னவரை மட்டுமன்றி, சொல்லப்பட்டதையும் எடைபோட வேண்டும் என்பது அவரது பாடம்.

இன்று இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுகிறது. முஸ்லிம்களைப் பற்றிய பொய்களும், முஸ்லிம்களே பரப்பும் மிகைகளும் ஒரே கைப்பேசியில்தான் வந்து சேர்கின்றன. முதல் வகைக்குக் கோபத்தாலும், இரண்டாம் வகைக்கு மகிழ்ச்சியாலும் பதில் சொல்லப் பழகிவிட்டோம். ஆதாரம் கேட்கப் பழகவில்லை.

நமக்கு எதிராக இருந்தாலும் நீதியைச் சொல்லவே நாம் பணிக்கப்பட்டிருக்கிறோம். 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான் கியாசுத்தீன், இப்னு பதூதாவுக்குத் திருமண வழியில் நெருங்கிய உறவினர். ஆயினும், போரில் பிடிபட்டவர்களையும் அவர்களுடைய பெண்கள், குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்றதை இப்னு பதூதா மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். அவர் எழுதியதால்தான் அந்தக் கொடுமை நமக்குத் தெரிகிறது. இத்தகைய நேர்மையுடன் பேசத் தெரிந்த பிள்ளையின் சொல்லைத்தான் நாளை பிறரும் நம்புவார்கள்.

பிழைப்புக்கு என்ன வழி என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. கலைப்பிரிவில் சேர்ந்தால் மருத்துவக் கல்விக்கான வாயில் அடைபடும் என்பது உண்மை. ஆனால் சட்டம், ஆசிரியப் பணி, தொல்லியல், குடிமைப் பணித் தேர்வுகள் ஆகியவற்றுக்கு வழி திறந்தே இருக்கிறது. மருத்துவராக விரும்பும் பிள்ளையை வரலாற்றில் சேர்க்கச் சொல்லவில்லை. வரலாற்றை நேசிக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்றே கேட்கிறேன். அப்படிச் சேர்ந்த பிள்ளை ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், "இது எப்படித் தெரியும்?" என்று வீட்டிலும் கேட்டுப் பழக்குங்கள்.

காயல்பட்டினத்தின் பழைய மீசான் கற்களில் அரபு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. நம் முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்ததற்கான சாட்சிகள் அவை. அவற்றைப் படித்து உலகுக்குச் சொல்ல நம் வீட்டிலிருந்தே ஒரு பிள்ளை புறப்படட்டும், இன்ஷா அல்லாஹ்.