மனைப்பிரிவும் நிலப் பரிசோதனையும்

வயலை வாங்கி, வரப்பை வெட்டி, வண்ணக் கொடிகள் கட்டி, எல்லைக் கற்களை ஊன்றிவிட்டால் ஒரு நகர் பிறந்துவிட்டதென்று எண்ணும் வியாபாரம் நமது நாட்டில் நெடுநாளாக நடந்து வருகிறது. அந்நிலம் எத்தகையது, அதன்மேல் விழும் மழை எங்கே போகிறது, மேட்டிலுள்ள ஏரி எவ்வழியே வடிகிறது என்னும் விசாரணை கல் ஊன்றுமுன் நடைபெற வேண்டியது. அதுவோ கடைசியில் நடைபெறுகிறது, அல்லது நடைபெறுவதேயில்லை. இதன் பலனை அநுபவிப்பவர்கள் விற்றவர்களல்லர். ஆயுள் முழுதும் சேர்த்த பொருளைக் கொடுத்து ஒரு மனை வாங்கிய சாமானிய ஜனங்களே.

சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர்ச் சீமைகள் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அங்கிருந்து மற்றொன்றிற்கும், முடிவில் ஆற்றிற்கோ சதுப்பு நிலத்திற்கோ சேரும். பங்குனி, சித்திரை மாதங்களில் மனை பார்க்க வருவோனுக்கு இவ்வழி தெரியாது. அவன் காண்பது காய்ந்த சமவெளி. ஐப்பசியில் தண்ணீர் வரும்போதே வழி தெரிகிறது. மழைநீர் பட்டாவைப் பார்த்து ஓடுவதில்லை. பள்ளத்தைப் பார்த்தே ஓடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும், 2023 டிசம்பரில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் கற்பித்த பாடம் இதுவே.

இப்பிழை இன்று தோன்றியதன்று. அந்நிய ஆட்சியில், 1920-களில், மயிலாப்பூர் நெட்டேரியை வடித்து மாம்பலத்தில் தியாகராய நகரை எழுப்பினார்கள். சுதந்திரம் வந்தபின் நம்மவர்களும் அதே வழியைத் தொடர்ந்தனர். வீட்டு வசதி வாரியம் எழுப்பிய முகப்பேர் ஏரித் திட்டம் தன் பெயரிலேயே தன் கதையைச் சொல்லுகிறது. சர்க்காரே ஏரியில் குடியேற்றினால், தனி மனிதன் ஏரியின் கீழ்ப் பள்ளத்தில் மனை பிரிப்பதை எந்த முகத்துடன் தடுப்பது?

அநுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதன்பின் 2017 மே மாதத்தில் சர்க்கார் வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் உண்டான மனைகளைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழி செய்தது. ஏரி, கால்வாய் முதலியவற்றிற்குள் அமைந்த மனைகளை அவ்விதிகள் விலக்கியது சரியே. முன்பே வாங்கிவிட்ட ஏழைகளைத் தெருவில் நிறுத்தலாகாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: கட்டணம் பத்திரத்தின் குறையைத் தீர்க்கும்; நிலத்தின் பள்ளத்தைத் தீர்க்காது.

ஆகவே முன்பரிசோதனை வேண்டும் என்கிறோம். அது பெரும் வித்தையுமன்று; பெரும் செலவுமன்று. கிராமத்தின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஓடை, வாய்க்கால், புறம்போக்கு எவையென்று பார்த்தல். நிலத்தின் மட்டத்தை அளந்து அடுத்த கலங்கலின் மட்டத்தோடு ஒப்பிடுதல். குழி தோண்டி மண் களியா மணலா என்றும், மழைக் காலத்தில் ஊற்று எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதென்றும் அறிதல். வடிகால் போய்ச் சேருமிடத்தைக் காணுதல். பாதைக்கு உரிமை உண்டா என்று விசாரித்தல் ஆகிய இவ்வளவே. ஈசானிய மூலையைத் துருவிப் பார்க்கும் நம்மவர்கள் தண்ணீர் வரும் மூலையைப் பார்க்காமலிருப்பது விந்தையே!

நீர்வளத் துறையின் கருத்தைக் கேட்கும் வழக்கம் இல்லாமலில்லை. ஆனால் அக்கருத்து கோப்பிலே உறங்குகிறது. மனை வாங்குவோன் அதைப் படிப்பது அரிது. 2016-ஆம் வருஷத்து மனை வணிகச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. அப்பதிவோடு பரிசோதனை அறிக்கையையும் தமிழில் வெளியிட வேண்டும். 2015, 2023 வெள்ளங்களின் உயரத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு மழைக் காலத்திலேனும் உத்தியோகஸ்தர் நேரில் சென்று பார்த்த பின்னரே அநுமதி அளிக்க வேண்டும். செலவு முழுவதையும் மனை பிரிப்போரே ஏற்க வேண்டும். இதனால் வீட்டுமனை விலை ஏறுமென்பார்கள். வெள்ளத்தில் முழுகிய வீட்டின் விலை என்னவென்று அவர்களை நாம் கேட்கிறோம்.

சர்க்கார் செய்யுமென்று ஜனங்கள் கைகட்டி நிற்பதும் தகாது. கிராம சபை கூடும் நாட்களில் ஊர் ஏரியின் வரைபடத்தையும் பதிவேட்டையும் சபை முன் வைக்கும்படி ஊழியர்கள் கேட்க வேண்டும். தன் ஊர்த் தண்ணீரின் வழியை அறிந்த கிராமத்தை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. எல்லைக் கல் ஊன்றிய பின் எழும் கூக்குரலைவிட, ஊன்றுமுன் கேட்கும் ஒரு கேள்வி ஆயிரம் மடங்கு பயன் தரும்.