மீட்டரைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள்

"1994 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7. ஜப்பானிலிருந்து நேரடி இறக்குமதி. ஓடியது 38,000 கிலோமீட்டர்தான். புது வண்டி மாதிரி." இந்த அச்சில் வார்த்த விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்கள் கிலோமீட்டர் கணக்கைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எஞ்சினின் கம்ப்ரஷன் எவ்வளவு, கூலன்ட் சீல்களை எப்போது மாற்றினார்கள், வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்பது பற்றி அந்த விளம்பரங்களில் ஒரு வரியும் இருப்பதில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. "எவ்வளவு ஓடியிருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி; பதில் சிறிய எண்ணாக இருந்தால் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஊறிப்போன ஒன்று. சென்னையில் பழைய மாருதி வாங்குகிறவரும் கொழும்பில் ரீகண்டிஷன் வாகனம் தேடுகிறவரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஐந்தாறு வருடம் ஆன சாதாரண வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். முப்பது வயதான டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போவது, வாங்குகிறவரின் சேமிப்பைக் கரைக்கும் மூடநம்பிக்கை.

ஆர்எக்ஸ்-7 ஒன்றை எடுத்துப் பார்த்தாலே போதும், இந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும். 1991 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2002 வரை தயாரிக்கப்பட்ட எஃப்டி தலைமுறை வண்டியில் இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ என்ற ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் எபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை. அது சுவரோடு ஒட்டி உராய்ந்துகொண்டே போனால்தான் அழுத்தம் நிற்கும். எரியும் அறைக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது, எஞ்சினின் தட்டுகளுக்கு இடையே பதிந்திருக்கும் கூலன்ட் சீல் வளையங்கள். பக்கத்திலேயே இரண்டு டர்போக்கள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அந்த வளையங்களைக் கெடுப்பவை சூடும் வயதும்தான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்கு வயது ஏறுகிறது. மேசை இழுப்பறையில் பத்து வருடம் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 38,000 கிலோமீட்டர் ஓடிய 1994 மாடல் வண்டியின் கூலன்ட் சீலுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அது ஒழுகத் தொடங்கினால் எஞ்சினை முழுதாகக் கீழே இறக்கிப் பிரித்தால்தான் மாற்ற முடியும். 1,50,000 கிலோமீட்டர் ஓடி, இடையில் கைதேர்ந்த ரோட்டரி மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் புதுச் சீல்களைப் போட்டு, ரசீதும் புகைப்படமும் வைத்திருக்கும் இன்னொரு ஆர்எக்ஸ்-7 அதற்குப் பக்கத்தில் நின்றால், வாங்க வேண்டியது அந்த இரண்டாவது வண்டியை. சந்தை அதைத்தான் மலிவாகத் தள்ளுகிறது.

"ஓடாமல் இருந்தால் தேய்மானம் இல்லையே" என்பார்கள். ரோட்டரி எஞ்சினுக்கு இதைவிடத் தவறான வாதம் இருக்க முடியாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வண்டியை இரண்டு அடி நகர்த்தி, ஒரு நிமிடத்தில் அணைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கொடுமை. கிளப்பும்போது கூடுதலாகப் பாயும் பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது, அழுத்தம் இறங்குகிறது, மறுபடி கிளப்பினால் எஞ்சின் பிடிப்பதில்லை. விற்பனைக்காக வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நாள்தோறும் நடப்பது இதுதான். மீட்டரில் அது ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் உள்ளே ஈரம் சேர்ந்து, எபெக்ஸ் சீல்கள் தங்கள் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டர்போக்களை இயக்கும் வெற்றிடக் குழாய்கள் எஞ்சின் சூட்டில் காய்ந்து பிளாஸ்டிக் போல விறைத்துவிடுகின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று கழன்றால்கூட இரண்டாவது டர்போ சரியாக வேலைக்கு வராது. முழு வேகம் எடுக்கும்போது பூஸ்ட் மீட்டர் 10 பிஎஸ்ஐ காட்டி, 4,500 சுற்றுகளுக்கு அருகே இரண்டாவது டர்போ சேரும்போது 8-க்கு இறங்கி, மறுபடி 10-க்கு ஏற வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தை ஓட்டிப் பார்க்காமல் ஆர்எக்ஸ்-7 வாங்குகிறவர், கிலோமீட்டரைப் பார்த்து என்ன தெரிந்துகொண்டார்?

கிலோமீட்டர் எப்படிச் சேர்ந்தது என்பதையும் மீட்டர் சொல்லாது. ஜப்பானின் சுகுபா பந்தயத் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஒரு நாளில் ஐம்பது சுற்று அடித்தால் மீட்டரில் ஏறுவது 100 கிலோமீட்டர்தான். அந்த நூறும் எஞ்சினின் உச்ச சுழற்சியில், பிரேக் சிவக்க, எண்ணெய் கொதிக்க ஓடியவை. அதே நூறு கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஓட்டிப் போனவரின் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே எண்ணாகப் பதிவாகின்றன. இந்த ரக வண்டிகள் பந்தயத் தடத்துக்கும் மலைப்பாதைக்கும் போக வேண்டும் என்றே வாங்கப்பட்டவை என்பதை மறந்துவிட்டு, குடும்பக் கார் கணக்கை இவற்றின்மேல் போடுகிறார்கள்.

அந்த எண்ணாவது உண்மையா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் ஷாகென் என்ற கட்டாயச் சோதனையின் சான்றிதழில் ஓடிய தூரத்தைப் பதிவு செய்யத் தொடங்கியது 2004-இல்தான். 1994 மாடல் வண்டியின் முதல் பத்து வருடங்களுக்கு அந்தச் சான்றிதழில் ஒரு சாட்சியும் கிடையாது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கதை இன்னும் மோசம். ஜப்பான் வண்டிகளின் ஸ்பீடோமீட்டர் 180-உடன் நின்றுவிடும் என்பதால், பலர் நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ விற்ற, 300-ஐத் தாண்டிக் காட்டும் மீட்டரை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். மாற்றியவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. அதற்கு முன் ஓடியது எவ்வளவு என்று எழுதிவைத்த காகிதம் கைமாறிக் கைமாறித் தொலைந்துபோனது. இந்த வண்டியைத்தான் கடல் கடந்து கொண்டுவந்து, குறைவாக ஓடியது என்று கூவி விற்கிறார்கள்.

ஏலத் தாளைக் காட்டி வாயடைப்பது அடுத்த உத்தி. ஜப்பானின் வாகன ஏலங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு. மதிப்பெண் 4 அல்லது 4.5 என்றால் நல்ல நிலை. ஆர் என்றால் அடிபட்டுப் பழுது பார்த்தது. வண்டியின் படத்தில் ஏ என்று குறித்திருந்தால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த தடம், எஸ் என்றால் துரு. உடம்பைப் பொறுத்தவரை அது மிக உபயோகமான தாள். அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும், அதுவும் விற்பவர் நீட்டும் நகலை நம்பாமல் ஏலப் பதிவோடு ஒப்பிட்டு. ஆனால் ஏலத்தில் யாரும் ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டர் அழுத்தத்தை அளப்பதில்லை. கூலன்ட் சீல் ஒழுகுகிறதா என்று பார்க்க நேரமும் இல்லை. 4.5 மதிப்பெண் வாங்கிய வண்டியின் எஞ்சின் துறைமுகத்தில் இறங்கும்போதே செத்திருக்கலாம். தாளில் எந்தப் பொய்யும் இருக்காது. ஷாகென் மிகக் கடுமையான சோதனையாயிற்றே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே பிரேக், விளக்கு, புகை, சக்கரங்களின் நேர்த்தி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இன்று ரோட்டில் போகத் தகுதி உண்டா என்பதே அவர்கள் கேள்வி. அடுத்த கோடையில் எஞ்சின் தாங்குமா என்பது அவர்கள் வேலை இல்லை.

"ஜப்பான் வண்டியில் துரு இருக்காது" என்று ஒரு கிளைநம்பிக்கையும் உண்டு. ஜப்பான் முழுக்க ஒரே தட்பவெப்பம் என்று நினைப்பவர்கள் சொல்வது அது. ஹொக்கைடோவிலும் தோஹோகுவிலும் ஜப்பான் கடலோர மாவட்டங்களிலும் பனி ஆளுயரத்துக்குக் கொட்டுகிறது. ஆணி பதித்த டயர்களால் கிளம்பும் தூசியைத் தடுக்க 1990-இல் சட்டம் வந்து அவை ஒழிந்த பிறகு, சாலைகளில் உப்பு தூவுவது கூடியது. அங்கே பத்துக் குளிர்காலம் ஓடிய வண்டி கீழிருந்து அரித்துப்போயிருக்கும். ஜிடி-ஆர் வண்டிகளில் முன்பக்க ஸ்ட்ரட் டவரில் துரு பிடிப்பது அந்த வண்டியை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய். ஏற்றுமதிக்கான பதிவு நீக்கச் சான்றிதழில் வண்டி எந்த ஊரில் பதிவாகியிருந்தது என்று பார்க்கலாம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழுள்ள சில் பகுதியையும் பின்சக்கர வளைவையும் டிக்கியின் தரையையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். உப்பு தூவும் டொரன்டோவுக்கு வண்டி வந்து இரண்டு குளிர்காலம் கழிந்திருந்தால், அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை.

குறைந்த கிலோமீட்டர் மீதான நம்பிக்கையை ஊட்டி வளர்ப்பது விலை. 2001-இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் சிவப்பு ஆர்எக்ஸ்-7-ஐயும் ஆரஞ்சு சுப்ராவையும் பார்த்துப் பரவசப்பட்ட பிள்ளைகள் இன்று சம்பாதிக்கும் பெரியவர்கள். அமெரிக்காவில் 25 வயது, கனடாவில் 15 வயது ஆகிவிட்டால் பழைய வண்டிகளை இறக்குமதி செய்யலாம் என்ற விதிகளால் வருடந்தோறும் புதுக் கூட்டம் சந்தைக்குள் வருகிறது. ஓட்டுவதற்காக இல்லாமல், விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் கூடிவிட்டார்கள். அவர்கள்தான் குறைந்த கிலோமீட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதனால்தான் வண்டிகள் ஓடாமல் நின்று கெடுகின்றன. ஓட்டப் பிறந்த வண்டியை நிறுத்தி வைத்தவனுக்குப் பரிசு, வருடம் தவறாமல் எண்ணெய் மாற்றி ஓட்டிப் பராமரித்தவனுக்குத் தண்டனை என்று ஒரு சந்தை நடந்தால் அங்கே நல்ல வண்டி எப்படி மிஞ்சும்?

டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சின் இரும்பு மாதிரியாயிற்றே, அதற்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். அதன் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. 40,000 ஓடிய வண்டியில் அது இன்னும் 1990-களின் பெல்ட்டாக இருக்கலாம். 1,10,000 ஓடிய வண்டியில் மாற்றியிருப்பார்கள். ஆரம்பகால ஆர்32 ஜிடி-ஆர் எஞ்சினில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் இடம் பலவீனமானது. அதைச் சரிசெய்த எஞ்சினா என்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் அச்சாகியிருக்கும். பூ குறையாத டயரில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய எண் இருந்தால், அது அந்த வண்டி நின்றே கழித்த காலத்தைக் காட்டுகிறது.

மறுபடி ஆர்எக்ஸ்-7-க்கே வருகிறேன். அதை வாங்கப் போகிறவர் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும். சாதாரண பிஸ்டன் கருவி மூன்று முகங்களில் மிக நன்றாக இருப்பதை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் தனித்தனி எண் வேண்டும், 250 சுற்றுக்குத் திருத்திய கணக்கில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் தம் முன்னிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ரேடியேட்டர் பக்கம் நீர்க்குமிழி கொப்பளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். "வண்டி 38,000தான் ஓடியிருக்கு, டெஸ்ட் எல்லாம் எதுக்கு?" என்று விற்பவர் மறுத்தால், ஒரு எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு முழுவதையும் விலையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.