கொடைக்கானல் மண்ணுக்கு மட்டும் ஏன் 20?

பிளாச்சிமடா பற்றி நம்மாட்கள் நிறையவே எழுதியாச்சு. பாலக்காடு எல்லையில் கோலா கம்பெனி உரமென்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003ல் பிபிசி வெளியே கொண்டுவந்தது. 2004ல் ஆலை நின்றது. ஆனால் இடுக்கியை ஒட்டிய கொடைக்கானல் மலையில் காற்றில் கலந்த பாதரசத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது 2001லயே முடிஞ்சுபோச்சே" என்கிறார்கள். முடியலைங்க.

அமெரிக்காவில் வாட்டர்டவுனில் இருந்த பாண்ட்ஸ் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதால் பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. சரக்கு பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. (வெளிநாட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாம் வைத்துப் பார்த்ததுகூட அங்கே செய்ததாக இருந்திருக்கலாம்.) மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் அம்பலப்படுத்திய பிறகுதான், 2001 மார்ச்சில் ஆலை மூடியது.

பாதரசத்தின் குணம் விசித்திரமானது. தெர்மாமீட்டர் உடைந்து குழந்தை விழுங்கிவிட்டால் பதறுகிறோம். அது பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். மூச்சில் போவதுதான் வினை. சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இழுத்த ஆவியில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் சேர்ந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், மறதி, ஈறு வீக்கம். கர்ப்பிணி சுவாசித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். வெளியே போன ஆவி எங்கே போனது? அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்துப் பாசியிலும் கொடைக்கானல் ஏரியிலும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

தொழிலாளர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் செய்தபோதும் "மனிதாபிமான அடிப்படையில்" என்றுதான் பெயர். சரி, போகட்டும். மண்ணுக்கு வருவோம்.

ஆலை மண்ணைச் சுத்தம் செய்ய நம்ம மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒத்துக்கொண்ட அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். யூனிலீவரின் சொந்த ஊரான பிரிட்டனில் குடியிருப்பு மண்ணில் தனிமப் பாதரசத்துக்கு 2009ல் வைத்த வழிகாட்டு மதிப்பு 1. கனடாவில் 6.6. "அது குடியிருப்பு, இது ஆலை இடம்" என்று வக்கீல் மாதிரி பேசுவார்கள். ஐயா, அந்த இடம் பாம்பார் சோலைக்கு மேலே இருக்கிறது. மழை பெய்தால் மண் கரைந்து காட்டுக்குள் போய், தண்ணீர் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. காட்டுக்கும் கீழே இருக்கிற ஜனங்களுக்கும் ஆலைக் கணக்குப் போதுமா? 2003ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப முடிந்ததே. அன்றைக்கு அங்கத்திய தரம் வேண்டியிருந்தது, மண்ணுக்கு மட்டும் வேண்டாமா?

பிரிட்டனில் இருக்கிறவர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒரே கேள்வி போதும்: உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு 1 என்றால், எங்கள் சோலைக்கு மேலே 20 எப்படி?