மூணாவது செமஸ்டர் கணக்கும் மீஞ்சூர் தண்ணியும்

மூணாவது செமஸ்டரில் போட்ட யூ-டியூப் மானோமீட்டர் கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் தண்ணி. ஒரே மட்டத்தில் ரெண்டு பக்கமும் பிரஷர் சமம்னு எழுதி, உயர வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு, விடைக்குக் கீழே ரெண்டு கோடு போட்டோம். பரீட்சை முடிஞ்சது, கணக்கும் மறந்து போச்சு. எனக்கும் அப்படித்தான்.

அந்தக் கணக்கு எங்க ஊர் மண்ணுக்கடியில் பல வருஷமா நடந்துக்கிட்டு இருக்குன்னு ஃபைனல் இயரில்தான் எனக்கு உறைச்சது. ஊர் மீஞ்சூர். கும்மிடிப்பூண்டி லோக்கலில் வர்றவங்களுக்குத் தெரியும், எங்க பக்கம் தண்ணி ரெண்டு வகை. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. குடிக்கிறது கேனில் வரும். போர் தண்ணி துவைக்க, கழுவ. வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா, ஒரு காலத்தில் கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சோம்னு சொல்வாங்க.

அவங்க சொல்றது உண்மைதான். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணல் படுகையில் நிறைய நல்ல தண்ணி இருந்தது. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு நடந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாகக் கிணறுகள் போட்டாங்க. சென்னைக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து தண்ணி போச்சு. விவசாய பம்ப்செட்டுகளும் சேர்ந்து இழுத்தன. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியது. கடல்நீர் உள்ளே வந்தது.

ஏன் வந்தது? இங்கேதான் நம்ம மானோமீட்டர். ஒரு கன மீட்டர் நல்ல தண்ணி 1000 கிலோ. அதே அளவு கடல் தண்ணி சுமார் 1025 கிலோ. கடலோர மண்ணுக்கடியில் லேசான நல்ல தண்ணி மேலே மிதக்கும், கனமான உப்புத் தண்ணி கீழே இருக்கும். ரெண்டும் சந்திக்கிற இடத்தில் பிரஷர் சமம். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் வரை உள்ளது ஆழம், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி நிற்கிறது உயரம்னு வெச்சுக்கிட்டா:

1025 × ஆழம் = 1000 × (ஆழம் + உயரம்)

சுருக்கினா, ஆழம் = 40 × உயரம். அதாவது கிணத்தில் தண்ணி கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே நின்னா, கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணி. பம்ப் போட்டு அந்த 1 மீட்டரில் பாதியை இறக்கிட்டா, நல்ல தண்ணியின் ஆழம் 20 மீட்டராகக் குறையும். மேலே அரை மீட்டர் போனா, கீழே உப்புத் தண்ணி 20 மீட்டர் ஏறும்! இதை நெதர்லாந்தின் கைபன் 1880களின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் எழுதி வெச்சுட்டாங்க. நிஜத்தில் தண்ணி அசையும், ரெண்டும் கொஞ்சம் கலக்கும், களிமண் அடுக்குகள் குறுக்கே வரும். அதனால 40 என்பது ஒரு தோராயம். ஆனா எந்தத் திசையில் போகுதுங்கறதில் சந்தேகமே இல்லை.

இன்னொண்ணு, மணலுக்குள்ளே தண்ணி ரொம்ப மெதுவா நகரும். டார்சி 1856-லேயே சொன்ன விதி. அதனால பம்ப் ஆன் பண்ண அன்னைக்கே உப்பு வராது, நிறுத்தின மறுநாளே போயிடவும் போயிடாது. தப்பு பண்ணினவங்களுக்கு அது தெரியறதுக்குள்ள ஒரு தலைமுறை ஓடிடும்.

இப்போ செலவுக் கணக்கு. மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கு. நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. இப்படிப்பட்ட ஆர்.ஓ. ஆலைகளில் கடல்நீரை 55 முதல் 70 பார் வரை அழுத்தணும். 60 பார்னு வெச்சுக்கோங்க. பிரஷரைக் கன அளவால் பெருக்கினா எனர்ஜி. 1000 லிட்டர் நல்ல தண்ணிக்கு 60 லட்சம் ஜூல், அதாவது 1.67 யூனிட் மின்சாரம். பம்ப் இழப்பு, மற்ற வேலை எல்லாம் சேர்த்தா, நல்ல ஆலைகளிலேயே 3 முதல் 4 யூனிட் ஆகும். அதே 1000 லிட்டரை 30 மீட்டர் கிணத்திலிருந்து தூக்க, இழப்பு சேர்க்காம 0.08 யூனிட் போதும். 60 பார் என்றால் கிட்டத்தட்ட 600 மீட்டர் ஆழக் கிணறு. இருபது மடங்கு!

ஆலையே வேண்டாம்னு நான் சொல்லல. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டப்போ கடல் வறளல. அது அன்னைக்கு உதவியது. ஆனா ஆலை இருக்கேன்னு நிலத்தடி நீரைக் கைவிட முடியாது. வல்லூர் அணைக்கட்டு மாதிரி ஆத்தில் தண்ணியைத் தேக்கி மண்ணுக்குள்ளே இறங்க விடறது, கடலோரத்தில் பம்ப்பிங்கைக் குறைக்கிறது, இதெல்லாம் அந்த 1 மீட்டர் உயரத்தைக் காப்பாத்தற வேலை. 60 பாரோட ஒப்பிட்டா ரொம்ப மலிவு.

நம்மகிட்ட நான் கேக்கறது சின்ன விஷயம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வென்சுரிமீட்டர், ஆரிஃபிஸ்மீட்டர் எல்லாம் பண்றோம். உண்மையைச் சொல்லுங்க, எத்தனை பேர் ரீடிங்கை சீனியர் ரெக்கார்டிலிருந்து எடுத்தோம்? நானும் எடுத்திருக்கேன். அதோட ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட் சேர்ப்போம். கடலிலிருந்து உள்ளே தள்ளித் தள்ளி பத்து கிணறு. ஒரு டேப், ஒரு டி.டி.எஸ். மீட்டர். மழைக்கு முன்னால செப்டம்பரில் ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஜனவரியில் ஒரு தடவை. நீர்மட்டத்தைக் கடல் மட்டத்தோட ஒப்பிட்டு எழுதணும், சிவில் பசங்க லெவலிங் பண்ணிக் கொடுப்பாங்க. இந்த ரீடிங்கை எந்த சீனியர்கிட்டயும் காப்பி அடிக்க முடியாது, வருஷா வருஷம் மாறும்.

சிலபஸில் இல்லையேன்னு சொல்லாதீங்க. மானோமீட்டர் சிலபஸில்தான் இருக்கு. நாளைக்கு நம்மில் பாதிப் பேர் எண்ணூர், மணலி பக்கம் ஏதாவது ஒரு பம்ப்புக்குப் பக்கத்தில்தான் நிக்கப் போறோம். அதோட ஸ்விட்சைப் போடும்போது, கீழே எத்தனை மீட்டர் உப்பு ஏறும்னு மனசுக்குள்ளே 40-ஆல் பெருக்கிப் பார்க்கத் தெரிஞ்சிருக்கணும்.