பொழுதுபோக்கும் மீன்பிடிதான்

உயிர் வாழ வலை வீசுகிறவனையே மீனவன் என்று எண்ணி, உல்லாசத்துக்காகத் தூண்டில் போடுகிறவனை விருந்தாளியாகவே நடத்திவந்த ஒரு தேசம், அந்த விருந்தாளி எவ்வளவு உண்டான் என்பதைப் பந்தி முடியும் தறுவாயில்தான் எண்ணிப் பார்த்தது. அந்தத் தேசம் ஜெர்மனி. பந்தி நடந்த இடம் பால்டிக் கடலின் மேற்குப் பகுதி. பரிமாறப்பட்டது, சிறுவயதில் நம்மில் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய எண்ணெயின் மூலமாகிய காட் மீன். கணக்கிலும் கட்டுப்பாட்டிலும் பேர்பெற்ற ஜெர்மானியரே இந்த விஷயத்தில் இவ்வளவு அசட்டையாக இருந்தார்கள் என்றால், வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு கடலிலும் கழிமுகத்திலும் தூண்டில் போடும் விநோதம் மெல்ல வேரூன்றிவரும் நம் கரையில், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் ஹைலிகன்ஹாஃபன், ஃபேமார்ன் தீவிலுள்ள புர்க்ஸ்டாகன் முதலிய துறைமுகங்களிலிருந்து பல பத்தாண்டுகளாகத் தூண்டில் பிரயாணங்கள் நடந்துவந்தன. பழைய மீன்பிடிப் படகுகளைப் புதுப்பித்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, காலையில் கடலுக்குள் சென்று பிற்பகலில் திரும்புவார்கள். உள்நாட்டு நகரங்களிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்தவர்கள், தடித்த மேலங்கியோடு கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். மாலுமி தன் கருவியில் மீன்கூட்டத்தின் நிழலைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தி ஒருமுறை சங்கு ஊதுவார். உடனே, மீன் வடிவில் வார்த்த உலோகத் துண்டுகள் ஏககாலத்தில் நீரில் விழுந்து அடிமண்ணைத் தொட்டு, எகிறி, மறுபடியும் விழும். படகு காற்றின் போக்கில் நகர்ந்து மீன்கூட்டத்தைக் கடந்ததும் இன்னொரு சங்கு, எல்லோரும் நூலைச் சுற்ற வேண்டும், படகு அடுத்த இடத்துக்குப் போகும். திரும்பும் வழியில் மேல்தளத்திலேயே மீனைச் சுத்தம் செய்வார்கள், எறியும் கழிவுக்காகக் கடற்காகங்கள் படகின் பின்னாலேயே வரும். துறைமுகத்து விடுதி, சாப்பாட்டுக் கடை, தூண்டில் சாமான் கடை ஆகிய அனைத்தும் இந்த ஒரு விநோதத்தை நம்பி ஜீவித்தன.

இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பிடித்த மீன், கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. வணிக மீனவன் இறக்கிய ஒவ்வொரு பெட்டியும் நிறுத்துப் பதியப்பட்டது, ஆனால் உல்லாசக்காரனின் பையை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. கடைசியில் ரோஸ்டாக்கிலுள்ள பால்டிக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் துறைமுகந்தோறும் ஆளனுப்பி விசாரித்துக் கணக்கிட்டபோது, 2005க்கும் 2010க்கும் இடையே ஜெர்மானியத் தூண்டில்காரர்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,000 முதல் 4,000 டன் வரை காட் மீனைக் கொண்டுபோயிருந்தார்கள் என்பது பிரத்தியட்சமாயிற்று. அதே பகுதியில் ஜெர்மானிய வணிகப் படகுகள் இறக்கியதோடு ஒப்பிட்டால், குறைந்த ஆண்டில் அது மூன்றில் ஒரு பங்கு, அதிக ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டியது. ஒற்றைத் தூண்டிலில் நாலைந்து மீன் பிடிப்பவனுக்குத் தன் செயல் அற்பமாகத் தோன்றுவது இயற்கை. ஆனால் லட்சம் அற்பங்கள் சேர்ந்தால் அது ஒரு மீன்பிடித் தொழிலாகிவிடுகிறது.

இதன் பிறகே ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் முதன்முறையாக இந்தப் பகுதிக்கு ஒரு வரம்பு வகுத்தது: தூண்டில்காரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து காட், முட்டையிடும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூன்று. அவ்வாண்டு வணிகப் படகுகளின் ஒதுக்கீடும் பாதிக்கு மேல் வெட்டப்பட்டது. 2016இல் பிறந்த குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன என்ற நற்செய்தி வந்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது. அந்த ஒரே தலைமுறையை நம்பி 2019இல் வரம்பு ஏழாக உயர்த்தப்பட்டது. அதன் பின் வந்த தலைமுறைகள் மெலிந்து போயின. 2022இல் வரம்பு ஒன்றாயிற்று, 2024இல் அந்த ஒன்றும் போய், உல்லாசத்துக்காகக் காட் பிடிப்பதே அப்பகுதியில் தடை செய்யப்பட்டது. கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. படகுக்காரர்களில் பலர் தொழிலைக் கைவிட்டார்கள். சிலர் உலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டும், இறந்தவர்களின் அஸ்தியைக் கடலில் கரைக்க வரும் குடும்பங்களை அழைத்துச் சென்றும் காலம் தள்ளுகிறார்கள்.

இந்த வீழ்ச்சிக்குத் தூண்டிலே காரணம் என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அளவுக்கு மீறி வீசிய வலையும், சூடேறிவரும் நீரும், அடியாழத்தில் பிராணவாயு அற்றுப்போனதும் இதில் பெரும் பங்கு வகித்தன. 'எங்களை மட்டும் ஏன் தண்டிக்கிறீர்கள்?' என்று படகுக்காரர்கள் கேட்பதிலும் நியாயமுண்டு. ஆனால் அவர்களுடைய பிடி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணப்பட்டிருந்தால், வரம்பு சிறிது சிறிதாக, பிழைப்பைக் கெடுக்காத விதத்தில் வந்திருக்கும். எண்ணாமல் விட்டதனால்தான் அது ஒரே வீச்சில் வந்து விழுந்தது. கணக்கு வேண்டாம் என்று சொன்ன காலத்தில் அனுபவித்த சௌகரியத்துக்கு, அவர்களே கடைசியில் விலை கொடுத்தார்கள்.

'நாங்கள் மீனைக் கொல்வதில்லை, பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிடுகிறோம், எங்களை எதற்கு எண்ண வேண்டும்?' என்று ஒரு சாரார் வாதிக்கக்கூடும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கரையோரங்களில், வெள்ளிச் செதில் பளபளக்க ஆளுயரத்துக்கு நீரிலிருந்து துள்ளும் டார்ப்பான் மீனுக்காக வழிகாட்டிகளை அமர்த்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சாதனைப் பதிவுக்கெனத் தனி அனுமதிச் சீட்டு பெற்றவரைத் தவிர மற்றவர்கள் அதை விட்டுவிடவேண்டும் என்று 2013இல் அந்த மாநிலமே விதித்தது. ஜெர்மனியோ இதற்கு நேர்மாறாகச் சிந்திக்கிறது. முதுகெலும்புள்ள பிராணியைத் தக்க காரணமின்றிக் கொல்வதும், அதற்குக் கொடிய வேதனை விளைவிப்பதும் 1972ஆம் ஆண்டின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே குற்றம். உணவு ஒரு காரணம், உல்லாசம் மட்டும் காரணமாகாது. விடுவதற்கென்றே பிடிப்பதை அச்சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. தூண்டில் பிடிக்கப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், சுற்றுலா வருகிறவர்களுக்கென 28 நாள் செல்லும் தற்காலிகச் சீட்டைக் கடலோர மாநிலங்கள் தருகின்றன. இரண்டு நாட்டு நியாயங்களில் எது மேலானது என்று இங்கே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. விடப்பட்ட மீன்களிலும் ஒரு பகுதி களைத்தும் காயம்பட்டும் மடியும் என்பதால், எந்த நியாயத்தைக் கைக்கொண்டாலும் எண்ணுவது தவிர்க்க முடியாதது.

காட் மீனுக்குப் பிறகு, ஜெர்மனிக்கு இரண்டாவது சோதனை இப்போது ரூகன் தீவைச் சுற்றியுள்ள உவர்நீர்க் காயல்களில் நடந்துவருகிறது. அங்கே ஹெக்ட் என்னும் வேட்டைமீன் ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிறது, அதைத் தேடி ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருகிறவர்களை, கருவிகள் பொருத்திய சிறு படகுகளில் வழிகாட்டிகள் அழைத்துச் செல்கிறார்கள். மீன் குறைந்துவிட்டது என்று வலைஞர் வழிகாட்டியையும், வழிகாட்டி வலைஞரையும், இருவரும் சேர்ந்து நீர்க்காகத்தையும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த வேளையில், பெர்லின் ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஆர்லிங்ஹவுஸ் தலைமையில் 2019இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் மெச்சத்தக்கது, மீன்களுக்குள் சமிக்ஞைக் கருவிகளை வைத்துப் பின்தொடர்ந்த விஞ்ஞானம் மாத்திரமன்று. சச்சரவிட்ட கட்சிக்காரர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்காரவைத்ததும் அதே அளவு முக்கியமானது. இந்த மீனில் மீட்டர் நீளத்தை எட்டுபவை ஏறக்குறைய அனைத்தும் பெண்கள், லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய்கள். விநோதத்துக்கு வருகிறவன் விரும்புவதும் அந்தத் தாயைத்தான். ஆகவே சிறியதையும் மிகப் பெரியதையும் விட்டு நடுத்தரத்தை மட்டும் எடுக்கும் முறையே நல்லது என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள்.

இது நமக்கும் நேரடியாகப் பொருந்தும். முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் தூண்டில் பிரியர்கள் நாடும் கொடுவா, ஆணாக வளர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்கிறவர் கையில் இருப்பது, பெரும்பாலும் அந்தக் கழிமுகத்தின் வருங்கால விதை. கீழைக்கரையின் விசைப்படகுக்காரர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள், அடுப்பெரிவது கடினமாகும்போதும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் படகைக் கரையில் கட்டிவைக்கிறார்கள். அந்த மனிதர்களின் கண்ணெதிரே, விடுமுறைக்கு வந்தவர் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு போவதை எண்ணாமல் விடுவது விவேகமும் அன்று, நியாயமும் அன்று.

எனவே சர்க்கார் மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். கட்டணம் வாங்கித் தூண்டில்காரர்களை அழைத்துச் செல்லும் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு, பிடித்ததையும் விட்டதையும் தினந்தோறும் எழுதி ஒப்படைக்க வேண்டும். கொடுவா போன்ற மீன்களுக்குக் கீழளவு மட்டுமல்ல, மேலளவும் விதிக்கப்பட வேண்டும். இந்தப் பதிவுக்கான கட்டணத்தில் ஒரு பகுதி, எண்ணும் வேலைக்கும், அதே கரையின் மீனவ சங்கங்களுக்கும் போக வேண்டும். வழிகாட்டிகள் இதைச் சுமையென்று முணுமுணுக்கலாம். அவர்கள் விற்பது படகுப் பிரயாணத்தையல்ல, நாளைக்கும் அங்கே மீன் இருக்கும் என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்குக் கணக்கைத் தவிர வேறு ஜாமீன் இல்லை என்பதை ஹைலிகன்ஹாஃபன் படகுக்காரர்கள் அவர்களுக்குச் சொல்லக்கூடும்.